மெயினுக்கு முன்பே ஓடத் தொடங்கும் வாட்ச்டாக்

எம்பெடட் ஃபர்ம்வேர், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்பில் ஓடும் மென்பொருள், எழுதுபவர்கள் ஒரு புதிய சிப்பைக் கையில் எடுத்ததும் முதலில் திறந்து பார்ப்பது அதனுடன் வரும் மாதிரி நிரல்களைத்தான். அவற்றில் பலவற்றின் முதல் வரி வாட்ச்டாக்கை, அதாவது மென்பொருள் சிக்கிக்கொண்டால் சிப்பை மறுதொடக்கம் செய்யும் காவல் கவுன்ட்டரை, நிறுத்துவதாகவே இருக்கும். அதற்கு நியாயமும் உண்டு. ஓர் எல்இடியை மினுக்கிக் காட்ட வந்த நிரலில் வாட்ச்டாக்கைப் பராமரிக்கும் பொறுப்பையும் சேர்த்தால் புதிதாகக் கற்பவர் குழம்பிப்போவார். ஆனால் அந்த வரி மாதிரி நிரலோடு நின்றுவிடுவதில்லை. அப்படியே நகலெடுக்கப்பட்டு, சந்தைக்குப் போகும் கருவியின் ஃபர்ம்வேரிலும் முதல் வரியாக உட்கார்ந்துகொள்கிறது. பிறகு க்ளாக், நினைவகம், சென்சார்கள் எல்லாம் தயாராகி, மெயின் லூப்புக்குள் (கருவியின் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழலுக்குள்) நுழைவதற்குச் சற்று முன்னால்தான் வாட்ச்டாக் மறுபடியும் இயக்கப்படுகிறது. இந்த வழக்கம் தவறு என்று நான் நினைக்கிறேன். ஒரு போர்டு மாட்டிக்கொள்வதற்கு மிக அதிக வாய்ப்புள்ள நேரம் எதுவோ, அந்த நேரத்தில்தான் அதற்குக் காவல் இல்லாமல் செய்துவிடுகிறோம்.

வாட்ச்டாக்கின் வேலை எளிமையானது. அது தனியாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு கவுன்ட்டர். குறித்த நேரத்துக்குள் மென்பொருள் வந்து அதை மீண்டும் தொடக்கத்துக்குத் திருப்பவில்லை என்றால், அதாவது கிக் செய்யவில்லை என்றால், சிப்பையே ரீசெட் செய்துவிடும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தக் கவுன்ட்டர் எப்போது ஓடத் தொடங்குகிறது, எந்த க்ளாக்கில் ஓடுகிறது, யார் அதை நிறுத்த முடியும் என்ற மூன்றும் சிப்புக்குச் சிப்பு மாறுகின்றன என்பதும், பூட்டின் (சிப் எழுந்து தயாராகும் கட்டத்தின்) முதல் சில நூறு மில்லிவினாடிகளில் அந்த வேறுபாடுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வெளிப்படுகின்றன என்பதும்தான் கவனிக்க வேண்டியவை.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எம்எஸ்பி430 குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் வந்ததும் அதன் வாட்ச்டாக் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். இயல்பு நிலையில் அது 32,768 க்ளாக் சுழற்சிகளை எண்ணும். ரீசெட்டுக்குப் பின் சிப் சுமார் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால் அது ஏறக்குறைய 32 மில்லிவினாடி. நாம் எழுதும் நிரல் தொடங்கும் இடமான மெயின் ஃபங்ஷனின் முதல் வரியில் வாட்ச்டாக்கை நிறுத்துகிறோமே, அது போதாதா என்று தோன்றலாம். மெயினுக்கு முன்னால் சி மொழியின் தொடக்க நிரல் ஒன்று ஓடுகிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தொடக்க மதிப்பு உள்ள மாறிகளை பிளாஷிலிருந்து ரேமுக்கு நகலெடுப்பதும், தொடக்க மதிப்பு இல்லாத குளோபல் மாறிகளுக்கான இடம் முழுவதையும் பூஜ்ஜியமாக்குவதும் அதன் வேலை. யாரோ ஒருவர் பதிவுகளைச் சேமிக்க 8 கிலோபைட் அளவில் ஒரு குளோபல் அரே (மதிப்புகளின் வரிசை) அறிவித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பூஜ்ஜியமாக்கும் லூப் ஒரு பைட்டுக்கு 4 சுழற்சிகள் எடுத்துக்கொண்டால் 8,192 பைட்டுகளுக்கு மொத்தம் 32,768 சுழற்சிகள். வாட்ச்டாக்கின் எல்லையும் அதே 32,768தான். லூப் முடியும் தறுவாயில் சிப் ரீசெட் ஆகிறது; மறுபடியும் அதே லூப், மறுபடியும் ரீசெட். மெயினின் முதல் வரியில் வைத்த பிரேக்பாயின்ட்டுக்கு (நிரலை நிறுத்திப் பார்க்கும் இடத்துக்கு) நிரல் ஒருபோதும் வந்து சேராது.

நேற்று வரை ஓடிய ஃபர்ம்வேர் இன்று ஓடவில்லை, மாற்றியதோ ஓர் அரேயின் அளவை மட்டும்தான் என்ற புகாருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். கம்பைலர்களை உருவாக்குபவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பூஜ்ஜியமாக்கும் வேலைக்கு முன்பே அழைக்கப்படும் ஒரு ஃபங்ஷனை நாமே எழுதிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். பலரும் அதற்குள் வாட்ச்டாக்கை நிறுத்தும் வரியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பூஜ்ஜியமாக்கத் தேவையில்லாத பெரிய அரேக்களை அந்தப் பகுதியிலிருந்து வெளியே எடுத்துவிடுவதும், தேவைப்பட்டால் தொடக்க நிரலின் நடுவே கவுன்ட்டரை ஒருமுறை துடைப்பதும் அதைவிட நல்ல வழிகள். கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் காவல் ஒரு கணமும் விலகாது.

ஆர்டுயினோ போர்டுகள் பலவற்றில் இருக்கும் ஏவிஆர் சிப்புகளின் குணம் வேறு. சாதாரணமாக மின்சாரம் வந்து தொடங்கும்போது வாட்ச்டாக் அணைந்தே இருக்கும். ஆனால் வாட்ச்டாக்கினாலேயே ரீசெட் ஆன பிறகு அது இயங்கும் நிலையிலேயே தொடரும். அதுவும் இருப்பதிலேயே மிகக் குறுகிய காலக்கெடுவான சுமார் 16 மில்லிவினாடியுடன். நீங்கள் 8 வினாடி வைத்திருந்தாலும் சரி, ரீசெட்டுக்குப் பின் கிடைப்பது அவ்வளவுதான். தவிர, வாட்ச்டாக் ரீசெட் நிகழ்ந்ததைக் குறிக்கும் பிட் ரெஜிஸ்டரில் நிற்கும் வரை வாட்ச்டாக்கை அணைக்கவும் முடியாது; அந்தப் பிட்டை முதலில் துடைத்துவிட்டுத்தான் மற்றது. இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பழைய ஆர்டுயினோ பூட்லோடர்கள் (முதலில் ஓடி முதன்மை நிரலை ஏற்றும் சிறு நிரல்கள்), ஒரே ஒரு வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகு மின்சாரத்தைத் துண்டிக்கும் வரை முடிவின்றி ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தன. பின்னால் வந்த ஆப்டிபூட் என்ற பூட்லோடர் அதைச் சரிசெய்தது. காப்பாற்ற வேண்டிய வாட்ச்டாக்கே போர்டை முடக்கிப்போட்டது என்ற கெட்ட பெயர் அன்று அதற்கு வந்தது. உண்மையில் கோளாறு பூட்லோடரில் இருந்தது.

கைனெட்டிஸ் சிப்புகளில் இன்னொரு விசித்திரம். ரீசெட்டுக்குப் பின் வாட்ச்டாக் இயங்கும். அதன் அமைப்பை மாற்ற வேண்டுமானால் இரண்டு குறிப்பிட்ட மதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக, 20 பஸ் க்ளாக் சுழற்சிகளுக்குள், எழுதி அதன் பாதுகாப்புப் பூட்டைத் திறக்க வேண்டும். டிபக்கரில் ஒவ்வொரு வரியாக நடத்திப் பார்ப்பவர், முதல் மதிப்பை எழுதிவிட்டு இரண்டாவதற்குச் செல்வதற்குள் அந்த 20 சுழற்சிகள் எப்போதோ கடந்திருக்கும். சிப் ரீசெட் ஆகிவிடும். அதே நிரலைத் தடையின்றி ஓடவிட்டால் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். பார்க்கும்போது மட்டும் தோன்றும் பிழை இது. தெரியாதவர் ஒரு மாலைப் பொழுதை முழுதாக இதில் இழக்கலாம்.

மெயினுக்கு முன்னால் நடப்பதைக் கடந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பூட்டின் அடுத்த பகுதியில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் காத்திருப்புகள். வெளிப்புற கிரிஸ்டல் நிலைபெறும் வரை ஒரு காத்திருப்பு, பிஎல்எல் (க்ளாக்கை வேகப்படுத்தும் சுற்று) நிலையான வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் வரை இன்னொன்று, ஐ-ஸ்கொயர்-சி பஸ் (சென்சார்களுடன் பேசும் இரண்டு கம்பித் தடம்) காலியாகும் வரை, வைஃபை மாட்யூல் பதில் சொல்லும் வரை, டிடிஆர் நினைவகத்தின் அளவுதிருத்தம் முடியும் வரை என்று அடுக்கடுக்காக வரும். உற்பத்தியாளர்களின் மாதிரி நிரல்கள் பலவற்றில் இந்தக் காத்திருப்புகளுக்குக் காலக்கெடு எதுவும் இருப்பதில்லை; ஒரு பிட் 1 ஆகும் வரை வெறுமனே சுற்றும் லூப்கள்தான். அந்தப் பிட் 1 ஆகவில்லை என்றால் போர்டு அங்கேயே நிற்கும். வாட்ச்டாக்கோ இன்னும் இயக்கப்படவில்லை.

இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது ஐ-ஸ்கொயர்-சி தொடர்பான நிலைமையை. கருவி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது; எங்கோ மென்பொருள் சிக்கிக்கொள்கிறது; வாட்ச்டாக் தன் கடமையைச் செய்து ரீசெட் செய்கிறது. இதுவரை எல்லாம் சரி. ஆனால் ரீசெட் விழுந்த கணத்தில் ஒரு சென்சாரிலிருந்து ஒரு பைட் பாதி வாசிக்கப்பட்ட நிலையில் இருந்திருக்கலாம். பிராசசர் ரீசெட் ஆனாலும் சென்சார் ஆகவில்லை. அது தன் அடுத்த பிட்டை அனுப்பக் காத்துக்கொண்டு டேட்டா கம்பியை பூஜ்ஜியத்தில் பிடித்துவைத்திருக்கும். புதிதாக எழுந்த ஃபர்ம்வேர், முதல் வரியில் வாட்ச்டாக்கை நிறுத்திவிட்டு, பஸ் காலியாகட்டும் என்று காத்திருக்கத் தொடங்குகிறது. பஸ் காலியாகப்போவதில்லை. முதல் முறை காப்பாற்றிய வாட்ச்டாக் இரண்டாவது முறை கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. யாராவது வந்து மின்சாரத்தை அணைத்துப் போடும் வரை கருவி பிணம்தான். பூட் நேரத் தொங்கலை உண்டாக்குவதே வாட்ச்டாக் ரீசெட்தான் என்பதையும், அந்த நேரத்தில் வாட்ச்டாக் இல்லாமல் இருப்பது தற்செயல் அன்று, நாமே செய்த ஏற்பாடு என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வழக்கத்தின் அபத்தம் புரியும்.

மருந்து தெரிந்ததுதான்: பூட்டில் க்ளாக் கம்பியைக் கையால் 9 முறை துடிக்கவைத்தால் சிக்கிய சென்சார் தன் பைட்டை முடித்துக் கம்பியை விட்டுவிடும். அதையும் செய்ய வேண்டும், காத்திருப்புக்குக் காலக்கெடுவும் வைக்க வேண்டும், வாட்ச்டாக்கையும் ஓடவிட வேண்டும். ஒன்று இருக்கிறதே என்று மற்றொன்றை விட்டுவிடக் கூடாது.

சரி, ரீசெட்டிலிருந்தே வாட்ச்டாக் ஓடட்டும் என்று முடிவெடுத்தால், அடுத்து நேரக் கணக்கு. எஸ்டிஎம்32 சிப்புகளில் ஆப்ஷன் பைட்டுகளில் (சிப்பின் நிரந்தர அமைப்புகளை வைத்திருக்கும் இடத்தில்) ஒரு பிட்டை மாற்றினால் சுதந்திர வாட்ச்டாக் ஹார்ட்வேராலேயே தொடங்கப்படும். மென்பொருளால் அதை நிறுத்தவே முடியாது. இது எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு. அது தொடங்கும்போது இருக்கும் இயல்பு அமைப்பு, க்ளாக்கை 4 ஆல் வகுத்து 4,096 வரை எண்ணுவது. உள்ளக க்ளாக் 32 கிலோஹெர்ட்ஸ் என்று ஏட்டில் இருப்பதால் 512 மில்லிவினாடி என்று எல்லோரும் கணக்குப் போடுவார்கள். ஆனால் எஸ்டிஎம்32எஃப்4 தரவுத்தாளில் அந்த உள்ளக க்ளாக்கின் எல்லைகள் 17 முதல் 47 கிலோஹெர்ட்ஸ் வரை என்று இருக்கிறது. அதாவது ஒரு சிப்பில் கெடு 349 மில்லிவினாடியாகவும் இன்னொன்றில் 964 மில்லிவினாடியாகவும் இருக்கலாம். மேசைமேல் இருக்கும் போர்டு 450 மில்லிவினாடி பூட் நேரத்துடன் ஓடுகிறது என்பதை வைத்து நிம்மதியடைந்தால், தயாரிப்பில் வரும் போர்டுகளில் சில, காரணமே தெரியாமல் பூட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கிக் செய்யும் நேரத்தைக் கணக்கிட வேண்டியது வேகமான எல்லையை வைத்து. எவ்வளவு நேரத்தில் மீளும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியது மெதுவான எல்லையை வைத்து.

அதே சிப்பில் கெடுவை அதிகபட்சமாக, க்ளாக்கை 256 ஆல் வகுத்து, சுமார் 32 வினாடி வரை நீட்டலாம். பூட்லோடர் முதல் வேலையாகக் கெடுவைத் தன் தேவைக்கு நீட்டிக்கொள்வதில் தவறில்லை. நிறுத்துவதற்கும் நீட்டுவதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. நீட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபர்ம்வேர் புதுப்பித்தலே சாட்சி. எஃப்4 சிப்பில் 128 கிலோபைட் செக்டார் ஒன்றை அழிக்க, 32 பிட் அகலத்தில் கூட, சுமார் 1 வினாடி ஆகும். 2 வினாடி வரையும் போகலாம். பிளாஷ் ஒரே பேங்காக (பகுதியாக) உள்ள சிப்பில் அழிப்பு நடந்துகொண்டிருக்கும்போது பிளாஷிலிருந்து அடுத்த கட்டளையை எடுக்க முடியாததால் பிராசசர் அப்படியே நின்றுவிடும். வாட்ச்டாக் நிற்காது. 512 மில்லிவினாடிக் கெடுவுடன் அழிக்கத் தொடங்கினால், பாதி அழிந்த செக்டாருடன் ரீசெட். மறுபடி அழிக்க முயற்சி, மறுபடி ரீசெட். இன்டரப்டில் (நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் சிறு நிரலில்) கிக் செய்கிறேனே என்று யாராவது சொன்னால், அந்த இன்டரப்ட் ரூட்டினும் பிளாஷில்தானே இருக்கிறது என்று கேட்க வேண்டும். கெடுவை முன்கூட்டியே நீட்டுவது ஒரு வழி. அழிக்கும் ரூட்டினையும் கிக்கையும் ரேமில் வைத்து ஓடவிடுவது மற்றொரு வழி. நான் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன்.

டைமர் இன்டரப்டிலிருந்து கிக் செய்வதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூட் நீண்டுபோகிறது, ஆங்காங்கே கிக் வரிகளைச் செருகுவது அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக ஒரு டைமர் இன்டரப்டை அமைத்து அதிலிருந்து கிக் செய்பவர்கள் உண்டு. முதன்மை நிரல் எங்கே சிக்கிக்கொண்டாலும் இன்டரப்ட் தன்பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். காவல்காரன் தூங்கினாலும் அவனுடைய மணி மட்டும் அடித்துக்கொண்டிருப்பது போன்ற ஏற்பாடு அது. பூட்டில் கிக் வர வேண்டிய இடம், ஒரு கட்டம் உண்மையிலேயே முடிந்தது என்பதற்கு அத்தாட்சி உள்ள இடம் மட்டுமே: க்ளாக் நிலைபெற்றது, ஒரு கிக், நினைவகச் சோதனை முடிந்தது, ஒரு கிக், இமேஜின் (ஏற்றப்போகும் ஃபர்ம்வேர் கோப்பின்) கையொப்பம் சரிபார்க்கப்பட்டது, ஒரு கிக். காத்திருப்பு லூப்புக்குள் கிக் வைப்பதும் இன்டரப்டில் வைப்பதும் ஒன்றுதான்.

பூட்லோடர் ஒன்று, அப்ளிகேஷன் ஒன்று என்று இரண்டாகப் பிரிந்த ஃபர்ம்வேரில் வேறொரு சங்கடம் வரும். பூட்லோடர் தொடங்கிவைத்த, நிறுத்த முடியாத வாட்ச்டாக், அப்ளிகேஷனுக்குத் தாவிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். அப்ளிகேஷனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே களத்தில் இருக்கும் கருவிகளுக்கு வாட்ச்டாக்குடன் புதிய பூட்லோடரை அனுப்பும்போது, கிக் செய்யத் தெரியாத பழைய அப்ளிகேஷன் அதில் இருந்தால் அந்தக் கருவி அத்தோடு சரி. முதலில் கிக் செய்யத் தெரிந்த அப்ளிகேஷன், அது எல்லாக் கருவிகளிலும் போய்ச் சேர்ந்த பிறகு பூட்லோடர் என்ற வரிசை தப்பக் கூடாது.

லினக்ஸ் ஓடும் போர்டுகளில் இந்தக் கைமாற்றல் இன்னும் நீளமானது. ஏஎம்335எக்ஸ் சிப்பில், சிப்பின் உள்ளே இருக்கும் ரோம் நிரலே வாட்ச்டாக்கை 3 நிமிடக் கெடுவுடன் தொடங்கிவிடுகிறது. பல போர்டுகளில் அடுத்து வரும் யூ-பூட் என்ற பூட்லோடரின் முதல் பகுதி அதை நிறுத்திவிடும். யூ-பூட்டையே வாட்ச்டாக்கைத் தொடங்கவும் பராமரிக்கவும் சொல்லலாம். கெடு வழக்கமாக 60 வினாடி. யூ-பூட் லினக்ஸின் மையமான கர்னலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைத்த கணத்திலிருந்து, கர்னலின் வாட்ச்டாக் டிரைவர் எழும் வரை, கிக் செய்ய ஆளே இல்லை. கர்னல் தன்னை விரித்துக்கொள்வதும் தொடக்க வேலைகளும் அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே சேர்க்காமல் தனி மாட்யூலாக வைத்தால், ரூட் கோப்பு முறைமை ஏற்றப்பட்டு மாட்யூல் படிக்கப்படும் வரை அந்த இடைவெளி நீளும். பெரிய நேண்ட் பிளாஷை, அதை நிர்வகிக்கும் யூபிஐ அடுக்கு வருடிப் பார்க்கும் நேரமும், அசம்பாவித நிறுத்தத்துக்குப் பின் நடக்கும் கோப்பு முறைமைச் சரிபார்ப்பும் அதில் சேரும். வாட்ச்டாக் டிரைவரை மாட்யூலாக்குவதில் மிச்சமாவது சில கிலோபைட். அதற்காக இந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

கர்னலின் டிரைவர் எழுந்ததும், வாட்ச்டாக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டால், யூசர்ஸ்பேஸ் நிரல் (கர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல்) ஒன்று வந்து வாட்ச்டாக் கோப்பைத் திறக்கும் வரை கர்னலே கிக் செய்துகொண்டிருக்கும். இது இயல்பாக இயக்கத்தில் இருக்கும் வசதி. பூட்டை எளிதாக்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கர்னல் நலமாக இருந்து, ரூட் கோப்பு முறைமை கெட்டுப்போய், யூசர்ஸ்பேஸ் எழவே இல்லை என்றால்? கர்னல் சலிக்காமல் கிக் செய்துகொண்டே இருக்கும். கருவி ஓடாது, ரீசெட்டும் ஆகாது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஓப்பன்-டைம்அவுட் என்ற கர்னல் அளவுரு இருக்கிறது. யூசர்ஸ்பேஸ் கோப்பைத் திறக்க இத்தனை வினாடி வரைதான் பொறுப்பேன், அதற்குப் பின் கிக் செய்ய மாட்டேன் என்று கர்னலைச் சொல்லவைப்பது அது. அதன் இயல்பு மதிப்பு 0. அதாவது எல்லையற்ற பொறுமை. ஆளில்லாத இடத்தில் நிற்கும் எந்தக் கருவியிலும் இந்த 0 இருக்கக் கூடாது என்பது என் கருத்து. யூசர்ஸ்பேஸ் எழுந்த பிறகு சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். அதற்குச் சில வினாடிகளைக் குறிக்கும் ஒரே ஓர் அமைப்பு வரி போதும். ஹார்ட்வேரின் அதிகபட்சக் கெடு என்ன என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ராஸ்பெர்ரி பையில் உள்ள வாட்ச்டாக்கால் 16 வினாடிக்கு மேல் எண்ண முடியாது.

சிப்புக்கு வெளியே தனியாக ஒரு வாட்ச்டாக் ஐசி வைத்தால் இந்தக் கவலைகள் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை ஹார்ட்வேர் பொறியாளர்களிடம் உண்டு. பாதி உண்மை. மேக்ஸ்823 போன்ற ஐசிகளின் கெடு வழக்கமாக 1.6 வினாடி, அவற்றின் கிக் முனை எதனுடனும் இணையாமல் மிதந்தால் வாட்ச்டாக் அணைந்துவிடும். ரீசெட்டிலிருந்து எழும் பிராசசரின் முனைகளோ, மென்பொருள் அவற்றை அவுட்புட்டாக அமைக்கும் வரை, மிதந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே போர்டில் ஐசி இருந்தும் பூட்டின் முதல் பகுதிக்குக் காவல் இல்லை. இதை வசதியாக நினைத்துப் பயன்படுத்துபவர்களும் உண்டு. லினக்ஸ் எழுவதற்கு 1.6 வினாடி எங்கே போதும் என்று கேட்டால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தொடக்கத்துக்கு மட்டும் நீண்ட கெடுவும் பின்னர் குறுகிய கெடுவும் தரும் ஐசிகள் அதற்குத்தான் விற்கப்படுகின்றன.

ரீசெட் நிகழ்கிறது, ஆனாலும் போர்டு எழவில்லை என்ற நிலைமை இவை எல்லாவற்றையும்விட மோசமானது. எஸ்பிஐ நார் பிளாஷில் 24 பிட் முகவரியால் எட்டக்கூடியது 16 மெகாபைட் வரைதான். அதைவிடப் பெரிய பிளாஷை முழுவதும் பயன்படுத்த, கர்னல் அதை 4 பைட் முகவரி முறைக்கு மாற்றிவைக்கலாம். அந்த நேரத்தில் வாட்ச்டாக் ரீசெட் விழுந்தால் பிராசசர் மட்டும் தொடக்கத்துக்குத் திரும்பும். பிளாஷ் 4 பைட் முறையிலேயே இருக்கும். ரோம் நிரல் 3 பைட் முகவரியை அனுப்பிப் படிக்க முயலும், பிளாஷ் நான்காவது பைட்டுக்குக் காத்திருக்கும், கிடைப்பது குப்பை. பூட்லோடரையே படிக்க முடியாத ரோமுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. மின்னழுத்தத்திலும் இதே கதை நடக்கும்: சக்தியைச் சேமிக்க கர்னல் பிராசசரின் அழுத்தத்தைக் குறைத்திருந்த வேளையில் ரீசெட் விழுந்தால், பவர் சிப் பழைய குறைந்த அழுத்தத்தையே கொடுத்துக்கொண்டிருக்க, ரோம் அதைவிட வேகமான க்ளாக்கில் ஓடத் தொடங்கித் தடுமாறும்.

இவற்றுக்கு மென்பொருளில் முழுத் தீர்வு இல்லை. வாட்ச்டாக்கின் ரீசெட் சமிக்ஞையை சிப்புக்கு வெளியே கொண்டுவந்து, பவர் சிப்பின் ரீசெட் முனையிலும் பிளாஷின் ரீசெட் முனையிலும் இணைக்க வேண்டும். அந்த ஒரு தடம் பிசிபியில் இருக்கிறதா என்று வரைபடத்தை ஆய்வு செய்யும் கூட்டத்திலேயே ஃபர்ம்வேர்காரர் கேட்டாக வேண்டும். போர்டு அச்சாகி வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

ரீசெட் ஆன பின், ஏன் ரீசெட் ஆனோம் என்று பார்ப்பது பூட்டின் முதல் சில வரிகளுக்குள் நடந்துவிட வேண்டும். எஸ்டிஎம்32இல் இதற்கென ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. அதைப் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. உள்ளிருந்து வரும் ரீசெட்டுகளும் வெளி ரீசெட் முனையைக் கீழே இழுப்பதால், வாட்ச்டாக் ரீசெட்டின்போது அந்த ரெஜிஸ்டரில் காரணத்தைக் குறிக்கும் பிட்டுகளான வாட்ச்டாக் கொடியும் முனைக் கொடியும் சேர்ந்தே எழும். முனைக் கொடியை முதலில் சோதிக்கும் நிரல் ஒவ்வொரு வாட்ச்டாக் ரீசெட்டையும் யாரோ பொத்தானை அழுத்தியதாகவே பதிவுசெய்யும். எனவே முனைக் கொடியைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். படித்து முடித்ததும் கொடிகளைத் துடைத்துவிடவும் வேண்டும், இல்லையென்றால் அடுத்த ரீசெட்டின் காரணத்தோடு பழையதும் கலந்துவிடும்.

காரணம் தெரிந்தால் போதாது, எத்தனையாவது முறை என்பதும் தெரிய வேண்டும். பூட்டிலேயே தொங்கும் இமேஜை வாட்ச்டாக் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அது மறுபடியும் அதே இடத்தில்தான் போய்த் தொங்கும். செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி 2004 ஜனவரி 21 அன்று தொடர்பை இழந்தது இதற்கு நெருங்கிய உதாரணம். அதில் பழுதைக் கண்டறிந்து ரீசெட் செய்தது மென்பொருள்தான், ஹார்ட்வேர் வாட்ச்டாக் அன்று என்றாலும், சுழல் அதே சுழல். பிளாஷில் கோப்புகள் பெருகிவிட்டதால், பூட்டின்போது கோப்பு முறைமையை ஏற்றத் தேவையான ரேம் போதாமல் போனது. பிழை, ரீசெட், மறுபடியும் அதே ஏற்றம், அதே பிழை. ஊர்தி உறங்கவும் முடியாமல் பலமுறை எழுந்து விழுந்து மின்கலத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகப் பொறியாளர்களால் அதை மீட்க முடிந்ததற்குக் காரணம், பிளாஷைத் தொடாமல் ரேமை மட்டும் வைத்துக்கொண்டு பூட் செய்யும் முடமான முறை ஒன்று முன்பே அதில் வைக்கப்பட்டிருந்ததும், தரையிலிருந்து கட்டளை அனுப்பி அதைத் தேர்ந்தெடுக்க முடிந்ததும்தான்.

நம் கருவிகளில் அந்தத் தேர்வைக் கருவியே செய்துகொள்ள வேண்டும். யூ-பூட்டில் இதற்கான ஏற்பாடு தயாராகவே இருக்கிறது: பூட் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும்; குறித்த எல்லையைத் தாண்டினால் வழக்கமான கட்டளைக்குப் பதில் மாற்றுக் கட்டளை ஓடும்; அது பழைய இமேஜையோ மீட்பு இமேஜையோ ஏற்றும். சிறிய சிப்புகளில், தொடக்க நிரல் பூஜ்ஜியமாக்காத ஒரு ரேம் பகுதியில் ஓர் அடையாள எண்ணையும் ஒரு கவுன்ட்டரையும் வைத்தாலே போதும். வாட்ச்டாக் ரீசெட்டில் ரேம் அழிவதில்லை, மின்சாரம் போய் வந்தால் அடையாள எண் கலைந்திருக்கும். எண்ணிக்கையை எப்போது பூஜ்ஜியமாக்குவது என்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மெயின் லூப்புக்குள் நுழைந்ததுமே பூஜ்ஜியமாக்கினால், அதற்கு அடுத்த வினாடியில் தொங்கும் இமேஜும் வெற்றிகரமான பூட்டாகவே எண்ணப்படும். சர்வருடன் ஒருமுறையாவது பேசி முடித்த பிறகோ, சில நிமிடங்கள் தடையின்றி ஓடிய பிறகோ பூஜ்ஜியமாக்குவதே பொருத்தம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு போர்டு பூட்டில் சுற்றிக்கொண்டிருந்தால், சீரியல் கன்சோலை நம்புவதற்கு முன் ரீசெட் முனையில் ஆசிலாஸ்கோப்பை வைத்துப் பார்ப்பது நல்லது. ரீசெட்டுகளுக்கு இடையேயான காலம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால் வாட்ச்டாக் மீது சந்தேகப்படலாம். அந்தக் காலத்தைக் கெடுவோடு ஒப்பிட்டால் கடைசி கிக் எங்கே விழுந்தது என்பதும் தோராயமாகத் தெரிந்துவிடும். இடைவெளிகள் தாறுமாறாக இருந்தால் மின்னழுத்தத்தைப் பாருங்கள்; மோட்டாரோ ரேடியோவோ இயங்கும்போது சப்ளை சரிந்து பிரவுன்-அவுட் ரீசெட் விழுகிறதா என்பது அடுத்த கேள்வி.

சோதனைக்கு நான் கேட்பது ஒன்றுதான். பூட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டுமென்றே முடிவற்ற லூப் ஒன்றைச் செருகி இமேஜ்களை உருவாக்க வேண்டும்: தொடக்க நிரலில் ஒன்று, க்ளாக் அமைப்பில் ஒன்று, பிளாஷ் படிக்கும் இடத்தில் ஒன்று, கர்னலுக்குக் கைமாற்றும் இடத்தில் ஒன்று, யூசர்ஸ்பேஸ் எழும் இடத்தில் ஒன்று. ஒவ்வொன்றையும் ஏற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கருவி தானாக மீட்பு இமேஜுக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யும்போது டிபக்கரைக் கழற்றிவிடுவது கட்டாயம். பிராசசர் நிறுத்தப்பட்டிருக்கும்போது வாட்ச்டாக்கையும் உறையவைக்கும் பிட் ஒன்று பல சிப்புகளில் இருக்கிறது, டிபக்கர் மென்பொருள் அதைக் கேட்காமலே இயக்கிவிடும். குறைந்தபட்சம் இரண்டு போர்டுகளிலாவது, அறை வெப்பநிலையிலும் கருவிக்குச் சொல்லப்பட்டிருக்கும் வெப்பநிலை எல்லைகளிலும் இதைச் செய்துபார்க்க வேண்டும். உள்ளக க்ளாக் வெப்பத்தோடு நகரும் என்பதால், அறையில் மீண்ட போர்டு குளிர்ப்பெட்டியில் மீளாமல் போகலாம்.